சோகத்துக்குத் தனிச் சுரம் உண்டா? ஜப்பான் என்காவும் எங்க பக்கத்து ஒப்பாரியும்

கீபோர்டு இருந்தா பக்கத்துல வச்சுக்கோங்க. இல்லைன்னா மொபைல்ல ஏதாவது ஒரு பியானோ ஆப் போதும். வெள்ளைக் கட்டைகள்ல ஏ, பி, சி, இ, எஃப் இந்த அஞ்சை மட்டும் மெதுவா மேலயும் கீழயும் வாசிங்க. டி, ஜி ரெண்டையும் தொட வேண்டாம். ஏ-யில் ஆரம்பிச்சு ஏ-யிலேயே முடிங்க. ரெண்டு நிமிஷம் இப்படி வாசிச்சா, பழைய ஜப்பான் படத்துல மழை பெய்யுற ஒரு காட்சி தானா கண்ணு முன்னால வரும்.

ஜப்பானில் 1920களுக்குப் பிறகு வந்த காதல் தோல்விப் பாட்டு, பிரிவுப் பாட்டு, குடிச்சிட்டுப் புலம்புற பாட்டு என்று எடுத்தால் ஏராளமானவை இந்த அஞ்சு கட்டைக்குள்ளேயே சுற்றும். அந்த வகைப் பாட்டுக்கு இன்றைக்கு 'என்கா' என்று பெயர். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனாலும் ராத்திரி ஆபீஸ் வேலை முடிச்சு ஹெட்போன்ல கேட்டா மனசு கனக்குது. ஒரு வார்த்தை புரியாம எப்படிக் கனக்கும்? அந்தக் கனம் சுரத்தில் எவ்வளவு இருக்கு, வேறு எங்கே இருக்கு என்று தேடிப் பார்த்த குறிப்புகள்தான் இவை.

மோகனத்திலிருந்து ரெண்டு படி கீழே

இசை தெரியாதவங்களுக்கும் புரியணும்னு எண்ணிலேயே எழுதுறேன். ச என்பதை 0 என்று வைத்துக்கொண்டு, கறுப்பு, வெள்ளை பார்க்காமல் ஒவ்வொரு கட்டையாக எண்ணுங்கள். மொத்தம் 12 கட்டை.

மோகனம்: 0, 2, 4, 7, 9
சிவரஞ்சனி: 0, 2, 3, 7, 9
ஜப்பானின் 'யோனாநுகி மைனர்': 0, 2, 3, 7, 8

மோகனத்தில் காந்தாரத்தை ஒரு கட்டை இறக்கினால் சிவரஞ்சனி. அதில் தைவதத்தையும் ஒரு கட்டை இறக்கினால் என்காவின் சுரவரிசை. அவ்வளவுதான் வித்தியாசம்.

'யோ' என்றால் நாலு, 'நா' என்றால் ஏழு, 'நுகி' என்றால் நீக்கியது. நாலாவது சுரமும் ஏழாவது சுரமும் இல்லாத வரிசை. நம்ம பாஷையில் மத்தியமமும் நிஷாதமும் இல்லாதது. இதில் மேஜர் என்று ஒரு வகையும் உண்டு. அது நம்ம மோகனத்தின் அதே அஞ்சு சுரம்.

சிவரஞ்சனி நம்ம ஊர்ல சோகத்துக்குப் பேர் போனது. 1970இல் வந்த 'மேரா நாம் ஜோக்கர்' படத்தில் முகேஷ் பாடிய அந்தப் பிரிவுப் பாட்டு சிவரஞ்சனி. 1981இல் பாலசந்தரின் 'ஏக் தூஜே கே லியே' படத்துக்காக எஸ்.பி.பி.க்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டும் சிவரஞ்சனிதான். அப்போ காந்தாரத்தை இறக்கினா சோகம், தைவதத்தையும் இறக்கினா இன்னும் சோகம்னு ஒரு சூத்திரம் எழுதிடலாமா?

எழுத முடியாது. 1986இல் வந்த 'கடலோரக் கவிதைகள்' படத்தின் 'அடி ஆத்தாடி' பாட்டை எடுத்துக்கோங்க. சிவரஞ்சனியில் போட்டது. அதே மெட்டு படத்தில் சந்தோஷமாகவும் வரும், சோகமாகவும் வரும். ராகம், இசையமைப்பாளர், படம் எதுவும் மாறலை. தாளத்தின் வேகமும், கூட வாசிக்கிற வாத்தியமும், கதையில் அந்த இடமும்தான் மாறுது.

ஜப்பானிலும் இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. சகாமோட்டோ க்யூ 1961இல் பாடிய பாட்டு ஒண்ணு, 'மேலே பார்த்து நடப்பேன்' என்று தலைப்புக்குப் பொருள். 1963இல் 'சுகியாகி' என்ற பெயரில் அமெரிக்கப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. கேட்டா துள்ளலா இருக்கும், நடுவுல விசில் வேற. ஆனா பாட்டில் வருபவன் மேலே பார்த்து நடப்பது கண்ணீர் கீழே விழாமல் இருக்கத்தான். எழுதியவர் எய் ரொகுசுகே. அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த போராட்டம் 1960இல் தோற்றுப்போன சோகம் அதற்குப் பின்னால் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்கக்காரங்க அதை ஜாலிப் பாட்டாவே கேட்டுட்டுப் போயிட்டாங்க.

அதே அஞ்சு கட்டையில் மழை

இன்னொரு சின்னப் பரிசோதனை. அதே ஏ, பி, சி, இ, எஃப் கட்டைகள்தான். இப்போ எஃப்-ஐ ச என்று வைத்துக்கொண்டு எஃப், ஏ, பி, சி, இ என்று வாசிங்க. எண்ணில் 0, 4, 6, 7, 11. அமிர்தவர்ஷிணி! 1988இல் 'அக்னி நட்சத்திரம்' படத்தில் இளையராஜா 'தூங்காத விழிகள்' போட்ட ராகம். பாடினா மழை வரும்னு நாம கதை சொல்ற ராகம்.

இ-யை ச ஆக வைத்தால் 0, 1, 5, 7, 8. நம்ம கர்நாடக சுத்த சாவேரி. ஜப்பானில் கோட்டோ, ஷமிசென் போன்ற பழைய வாத்தியங்களில் கேட்கிற 'மியாகோபுஷி' வரிசையும் இதுவே. 'சகுரா சகுரா' இந்த வரிசைதான்.

கர்நாடக இசையில் இப்படி ஆதார சுரத்தை மாற்றிப் பார்ப்பதை கிரக பேதம் என்பார்கள். எந்தக் கட்டையை வீடா நினைச்சுத் திரும்பி வர்றோமோ, அதைப் பொறுத்து ஒரே அஞ்சு கட்டை அழுகையாகும், மழையாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பாத்தீங்களா, ஜப்பான்காரன் பாட்டே நம்ம ராகந்தான்"னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க. 12 கட்டையில் ச, ப ரெண்டையும் கட்டாயம் வைத்துக்கொண்டு மீதி மூன்றைத் தேர்ந்தெடுக்க 120 வழிதான் உண்டு. அதில் காதுக்கு இதமாக வருவது இன்னும் குறைவு. அஞ்சு சுரத்தில் பாடும் ரெண்டு ஊர் ஒரே வரிசைக்கு வந்து சேர உறவுமுறை தேவையில்லை. ராகம் வெறும் கட்டை வரிசையும் இல்லை. கமகமும் பிடிப்பும் சேர்ந்தாத்தான் அது சிவரஞ்சனி.

இந்தச் சோகத்தின் வயசு நூறுதான்

என்காவை 'ஜப்பானியரின் இதயம்' என்று விளம்பரப்படுத்துவார்கள். கேட்டா ஆயிரம் வருஷத்துப் பழசு மாதிரித் தோணும். ஆனா வரலாறு வேற மாதிரி.

1879இல் ஜப்பான் அரசு, பள்ளிக்கூட இசையை உருவாக்க ஒரு ஆய்வு அலுவலகம் அமைத்தது. இசவா ஷூஜி தலைமை. பாஸ்டனிலிருந்து லூதர் மேசன் என்ற ஆசிரியரை வரவழைத்தார்கள். மேற்கத்திய மெட்டுகளில் ஜப்பானியக் காதுக்கு ஒத்துவரும் அஞ்சு சுர மெட்டுகள் எளிதாக ஒட்டிக்கொண்டன. ஸ்காட்லாந்துக்காரர்கள் புத்தாண்டுக்குப் பாடுகிற 'ஆல்ட் லாங் சைன்' அப்படித்தான் 1881 பாடநூலில் 'மின்மினி வெளிச்சம்' என்று பொருள்படும் தலைப்போடு நுழைந்தது. இன்று ஜப்பானில் பள்ளிப் பட்டமளிப்புக்கும் கடை சாத்துற நேரத்துக்கும் அதுதான் ஒலிக்கும். ஒரு ஊரின் கொண்டாட்டம் இன்னொரு ஊரின் விடைபெறலாயிடுச்சு.

மேஜர் இப்படி வந்தது. சோக வரிசையான மைனரில் பெரிய வெற்றி கண்ட ஆரம்பகாலப் பாட்டு, நகயாமா ஷிம்பெய் 1921இல் இசையமைத்த 'படகோட்டி பாட்டு'. வரிகள் நொகுச்சி உஜோ. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி டோக்கியோ பகுதியைப் பெரும் பூகம்பம் சிதைத்தது. அந்தக் காலத்து மக்களின் மனநிலையோடு இந்தப் பாட்டு சேர்ந்தே நினைவில் நின்றுவிட்டது.

அடுத்தவர் கோகா மசாவோ. சின்ன வயசில் கொரியாவில் வளர்ந்தவர். 1931இல் இவர் மெட்டமைத்து ஃபுஜியாமா இச்சிரோ பாடிய பாட்டின் தலைப்புக்கு 'மது கண்ணீரா பெருமூச்சா' என்று பொருள். மின்சார மைக் வந்துவிட்டதால் தொண்டை கிழியக் கத்தாமல் காதுக்குப் பக்கத்தில் முணுமுணுக்கிற மாதிரிப் பாட முடிந்தது. தனியா உட்கார்ந்து குடிக்கிறவனின் சோகத்துக்கு இந்த மைக் ரொம்ப முக்கியம். மேடையில் கத்தி அதைப் பாட முடியாது. 1966இல் மிசோரா ஹிபரி பாடி நிலைத்த 'சோக மது' பாட்டும் கோகா மெட்டுதான். அதை மேடையில் பாடும்போது ஹிபரி நிஜமாகவே கண்ணீர் விடுவார்.

இந்தப் பாட்டுகளை எல்லாம் ஒரே கூடையில் போட்டு 'என்கா' என்று பெயர் ஒட்டியது 1960களின் கடைசியில்தான். ராக், ஃபோக் என்று புது இசை வந்தபோது, பழசுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. இந்தப் பாரம்பரியம் எப்படிக் கட்டப்பட்டது என்று வாஜிமா யூசுகே 2010இல் ஒரு புத்தகமே எழுதினார்.

கொரியாவில் இதே சுரவரிசை அரசியலாகவே ஆனது. 1964இல் லீ மி-ஜா பாடிப் பெரிய வெற்றி பெற்ற 'கமீலியா பெண்' பாட்டு, 'ஜப்பான் வாடை' அடிக்குது என்று தடை செய்யப்பட்டது. தடை நீங்கியது 1987இல். ஆண்ட நாட்டின் வாடை என்று அரசு சொன்ன அதே மெட்டைக் கேட்டு ஜனங்க தங்கள் சொந்தச் சோகத்தை அழுதுகிட்டிருந்தாங்க.

மேடைப் பேச்சிலிருந்து வந்த பாட்டு

'என்கா' என்ற சொல்லின் முதல் பொருள் சொற்பொழிவுப் பாட்டு. 1880களில் மக்கள் உரிமை இயக்கத்தினர் கூட்டத்தில் பேசினால் போலீஸ் தடுக்கும். அதனால் சொல்ல வேண்டியதைப் பாட்டாக்கித் தெருவில் பாடினார்கள். சோயெதா அசென்போ போன்ற தெருப் பாடகர்கள் அரசையும் பணக்காரர்களையும் கிண்டல் செய்து பாடி, பாட்டு அச்சடித்த தாளை விற்றார்கள். போகப் போகக் கையில் வயலின் வந்தது, அரசியல் குறைந்தது, காதல் தோல்வி கூடியது.

இதைப் படிச்சப்போ எனக்கு ஜெயமங்கலத்துலேர்ந்து பஸ் ஏறிப் போயிடற தூரத்துல இருக்கிற பண்ணைப்புரம்தான் ஞாபகம் வந்துச்சு. பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். கம்பம் பள்ளத்தாக்கு ஊர்கள், மலைக்கு மேல கேரளத் தோட்டங்கள் என்று பாடித் திரிந்தவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாடிய பிரசாரத்தை எங்க பக்கத்துப் பெரியவங்க இன்னிக்கும் சொல்வாங்க. அந்தக் குழுவில் சின்னப் பையனாகச் சேர்ந்தவர் தம்பி ராசையா. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது அவர் இளையராஜா. அல்லிநகரம் பாரதிராஜா, வடுகபட்டி வைரமுத்து என்று இந்தப் பள்ளத்தாக்கு ஆட்கள் சேர்ந்து 1985இல் 'முதல் மரியாதை' தந்தார்கள். ஊர் ஊராகத் திறந்தவெளியில் மக்களைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொண்ட மெட்டுக் கட்டும் திறமை, பிறகு தனிமனுசனின் துக்கத்துக்கு வேலை செய்தது. ஜப்பானில் ஒரு வகைப் பாட்டுக்கு நடந்தது இங்கே ஒரே குடும்பத்துக்குள்ள நடந்திருக்கு.

யார் குரலில் யார் அழுகை

என்கா பாட்டுகளில் பெரும்பாலும் ஆட்களுக்குப் பெயர் இருக்காது. ஊருக்குப் பெயர் இருக்கும். துறைமுகம், மழை, பனி, கடைசி ரயில். 1977இல் இஷிகாவா சயூரி பாடிய 'ட்சுகாரு நீரிணையின் குளிர்காலம்' பாட்டில், காதலைவிட்டு வந்த ஒரு பெண் அவோமோரியில் இறங்கி ஹொக்கைடோ போகும் கப்பல் ஏறுகிறாள். எழுதியவர் அகு யூ என்ற ஆண். 1988இல் கடலுக்கடியில் ரயில் சுரங்கம் திறந்து அந்தக் கப்பல் நின்றுபோச்சு. பாட்டு நிற்கலை.

ஆண் எழுதுகிறார், பெண்ணின் குரல், கடற்கரை, பிரிவு, பெயர் சொல்லாமை. தமிழ் படிச்சவங்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம். பெண் கூற்றாக வரும் அகப்பாட்டுகளில் மிகப் பலவற்றை எழுதியவர்கள் ஆண்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் ஒரு படி மேலே போய், ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். சங்கப் பா வடிவையும் ஜப்பானின் 5-7-5-7-7 அசை வடிவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. எனக்கு அந்த உறவு தேவைப்படவும் இல்லை. ஆண்கள் தங்களுக்கு அழ அனுமதி இல்லாத இடத்தில் பெண் குரலைக் கடன் வாங்குவது ரெண்டு ஊரிலும் நடக்கக் கூடியதுதான்.

தமிழ் சினிமாவில் ஆண் தன் குரலிலேயே அழ ஆரம்பித்தான். 1953 'தேவதாஸ்' தொடங்கி, 1980 'ஒரு தலை ராகம்' வழியாக, 2011 'கொலவெறி' வரை. அதைப் பாடியவங்களே அதுக்கு 'சூப் பாட்டு'ன்னு பேரும் வச்சாங்க. அந்த டிசம்பரில் ஜப்பான் பிரதமர் நோடா டெல்லி வந்தபோது, மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்கு தனுஷுக்கும் அழைப்பு போனது. சோகப் பாட்டுக்குக் கிடைச்ச ராஜ மரியாதை!

சரி, அப்போ எங்க ஊர்ப் பெண்கள் தங்கள் சொந்தக் குரலில் எங்கே அழுதாங்க? ஒப்பாரியில்.

செத்தவருக்காக யாரும் அழுவதில்லை

இந்த உபதலைப்பு என்னுடையது இல்லை. இசபெல் கிளார்க்-தெசே என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டு ஒப்பாரி பற்றி 2005இல் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்பு. அவர் சொல்வதன் சாரம்: இழவு வீட்டில் பெண்கள் பாடுவது செத்தவரைப் பற்றி மட்டும் இல்லை. தன் கல்யாணம், தன் வறுமை, தனக்குக் கிடைக்காத நியாயம் எல்லாத்தையும் அங்கே வைத்துத்தான் பாடுகிறார்கள்.

இதைச் சரிபார்க்கலாம்னு ஜெயமங்கலத்தில் எங்க அத்தையிடம் கேட்டேன். எழுபது தாண்டியவர். "ஏப்பா, வெளக்கு வைக்கிற வீட்டுக்குள்ள வச்சு அதப் பாடலாமா? ஆகாதுப்பா" என்றார். இழவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் இழவு வரும் என்ற நம்பிக்கை எங்க பக்கம் வலுவா இருக்கு. மறுநாள் அவரே, "தோப்புக்கு வா, மோட்டார் ரூம்கிட்ட வச்சுச் சொல்றேன்" என்றார்.

வாழைக்கு நடுவில் உட்கார்ந்து, தன் அம்மா இறந்தபோது பாடியதைப் பாடினார். முதல் பாதி அம்மாவுக்கு. பிற்பாதி மெல்ல மெல்ல வேற பக்கம் திரும்பியது. அம்மா போனதும் பிறந்த வீட்டு வாசல் அண்ணன் வீட்டு வாசலாகிவிட்டது, சீர் நின்றது, வந்தாலும் "இருந்து சாப்பிட்டுப் போ"ன்னு சொல்ல ஆள் இல்லை. அந்த அண்ணன் எங்க அப்பா. முப்பது வருஷமா எங்க வீட்டுக்கு வந்து போயிட்டு இருக்கிறவர், ஒரு நாளும் இதைப் பேச்சாகச் சொன்னதில்லை. அன்னைக்கு இழவு வீட்டில் எங்க அப்பா காதுபடப் பாடியிருக்கிறார். பாட்டா வந்ததால யாரும் சண்டைக்குப் போக முடியாது.

சம்மதம் கேட்டுப் பதிவு செய்ததை லேப்டாப்பில் போட்டு அளந்தேன். நாலே நாலு சுரம். மேலிருந்து கீழ் வரை அஞ்சு கட்டை தூரம்தான். ஒவ்வொரு வரியும் உச்சியில் தொடங்கி வழுக்கிக்கொண்டே இறங்குது, முடிவில் விம்மல். சிவரஞ்சனி இல்லை, யோனாநுகி இல்லை, 'ஒப்பாரி ராகம்' என்று சொல்லப்படும் முகாரியும் இல்லை. ஆனா வரியின் கடைசியில் குரல் உடைஞ்சு ஒரு சுழி சுழிக்குது. என்காவில் அந்தச் சுழிப்புக்கு 'கோபுஷி' என்று பெயர் வைத்துப் பயிற்சியே கொடுக்கிறார்கள். அத்தைக்கு யாரும் பயிற்சி கொடுக்கலை.

தேடினதில் கிடைத்தது

சுரவரிசை ஒரு பாத்திரம். நூறு வருஷமா ஒரே பாத்திரத்தில் அழுகையை ஊற்றினால், அப்புறம் காலிப் பாத்திரத்தைப் பார்த்தாலே அழுகை வரும். ஜப்பானியருக்கு 0, 2, 3, 7, 8, நமக்கு சிவரஞ்சனி. ஹெட்போனில் எனக்கு மனசு கனப்பதற்குக் காரணம், என் காதில் ஏற்கெனவே சிவரஞ்சனி ஊறிக் கிடப்பது. ஒரு கட்டை தள்ளி இருக்கிற சொந்தக்காரக் குரலாக அது கேட்குது.

பாத்திரத்துக்குள் இருப்பது வேற. பேச்சாகச் சொல்ல முடியாததைப் பாட்டாகச் சொல்வதுதான் அது. பேசினால் போலீஸ் பிடிக்கும் என்று பாடினார்கள். ஆம்பளை அழக் கூடாது என்று பெண் குரலில் எழுதினார்கள். அண்ணனைக் குறை சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி அழுதார்கள்.

எங்க பக்கம் இப்போ இழவு வீடுகளில் மைக் செட் வைத்து, கூலிக்குப் பாடுகிறவர்களை அழைப்பது கூடிவிட்டது. அவர்கள் நன்றாகத்தான் பாடுகிறார்கள். ஆனா அவர்களுக்கு அந்த வீட்டு அண்ணன் யாரென்று தெரியாது. ஸ்பீக்கர் சத்தத்தில் வீட்டுப் பெண்களின் பாட்டு கேட்பதும் இல்லை.

உங்க வீட்டில் ஒப்பாரி தெரிந்த அத்தையோ அப்பத்தாவோ இருந்தால் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குள் வைத்துக் கேட்காதீர்கள், காட்டுக்கோ தோப்புக்கோ போங்கள். எதற்காகப் பதிவு என்று சொல்லுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் இணையத்தில் ஏற்றாதீர்கள், உள்ளே இருப்பது குடும்ப வழக்கு. யார் இறந்தபோது பாடியது, யார் கேட்கப் பாடியது என்ற ரெண்டு தகவலையும் கட்டாயம் எழுதி வையுங்கள். அது இல்லாமல் நாலு சுரம் மட்டும்தான் மிஞ்சும்.

அத்தையின் பதிவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா என்று அத்தையிடமே கேட்டேன். "போடு. அண்ணன் முன்னமே கேட்டதுதானே" என்றார். இந்தப் பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குச் சீர் எடுத்துக்கிட்டு அப்பாவும் நானும் போறோம்.